கொழுப்பு குறைந்தால் மாதவிடாய் ஏன் நிற்கிறது?

சாப்பாட்டை மாதக்கணக்கில் குறைத்துக்கொண்டே வந்த பெண்ணுக்கு ஒரு கட்டத்தில் மாதவிடாய் நின்றுபோகிறது. வீட்டில் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. "படிப்பு டென்ஷன்" என்பார்கள், "ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கல" என்பார்கள். டாக்டரிடம் போனால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். ஸ்கேனில் சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் தெரியும். பிசிஓடி என்று சொல்லி, "கொஞ்சம் வெயிட்டைக் குறைங்க" என்றும் அனுப்பிவிடுவது உண்டு. எடை குறைப்பதையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் பெண்ணிடம் போய் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குழப்பம் தீர வேண்டுமானால் இரண்டு விஷயங்கள் விளங்க வேண்டும். உடம்பில் இருக்கும் கொழுப்புக்கு என்ன வேலை? மாதவிடாயை நிறுத்தும் முடிவை எடுப்பது எந்த உறுப்பு? இந்த இரண்டையும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். உணவுக் கோளாறுகளில் மூன்று முக்கியமானவை. உடம்புக்குத் தேவையானதைவிட மிகக் குறைவாகச் சாப்பிட்டு, எடை ஆபத்தான அளவுக்கு இறங்கியும் நிறுத்த முடியாமல் போவது அனோரெக்ஸியா நெர்வோசா. கட்டுப்பாடில்லாமல் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, அதை ஈடுகட்ட வாந்தி எடுப்பதோ, பட்டினி கிடப்பதோ, அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்வதோ புலிமியா. ஈடுகட்டும் முயற்சி எதுவும் இல்லாமல் அள்ளிச் சாப்பிடும் கட்டங்கள் மட்டும் திரும்பத் திரும்ப வருவது மூன்றாவது வகை. கொழுப்புக்கும் ஹார்மோனுக்கும் உள்ள உறவு அனோரெக்ஸியாவில்தான் பளிச்சென்று தெரியும். அதனால் பெரும்பாலும் அதைப் பற்றியே பேசப்போகிறேன்.

பணக்கார நாட்டுப் பெண்களுக்கு மட்டும் வரும் நோய் என்ற எண்ணம் இங்கே இன்னும் இருக்கிறது. சென்னையில் மருத்துவ மாணவர்களிடையே உணவு சார்ந்த மனத்துயரத்தைப் பற்றிய ஆய்வுகள் 1990களிலேயே நடந்திருக்கின்றன. டெல்லி எய்ம்ஸ் மனநல மருத்துவர்கள் 1995ல் இந்திய நோயாளிகள் சிலரைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பெண்களிடம் "குண்டாகிவிடுவேன்" என்ற பயம் மேலைநாட்டு நோயாளிகளிடம் இருப்பதுபோல வெளிப்படவில்லை. "வயிறு நிறைஞ்ச மாதிரியே இருக்கு", "சாப்பிட்டா ஒத்துக்கல", "விரதம்" என்று காரணம் வேறாகவும் இருக்கலாம். மனம் சொல்லும் காரணம் எதுவானாலும், சாப்பாடு வராத உடம்பு நடந்துகொள்ளும் விதம் ஒன்றுதான்.

முடிவெடுப்பது மூளை

மாதவிடாய் என்றதும் நம் நினைவு கருப்பைக்கும் சினைப்பைக்கும் போகிறது. ஆனால் சுழற்சி தொடங்கும் இடம் தலைக்குள் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி. அங்கிருந்து ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன் விட்டுவிட்டு, துடிப்பு துடிப்பாகச் சுரக்கிறது. சுழற்சியின் முதல் பாதியில் ஏறக்குறைய ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் பதிலாகப் பக்கத்தில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. அவை சினைப்பைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வளர்கிறது, ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது, கருப்பையின் உள்படலம் தடிக்கிறது. கருமுட்டை வெளிவந்து, கரு தங்காவிட்டால், சுமார் இரண்டு வாரத்தில் அந்தப் படலம் உதிர்ந்து வெளியேறுகிறது. அதுதான் மாதவிடாய்.

இந்தத் துடிப்பின் வேகம் குறைந்தால் கீழே எல்லாமே அடங்கிப்போகும். கடுமையான அனோரெக்ஸியாவில் நடப்பது அதுதான். எல்.எச். சுரக்கும் விதத்தை இருபத்து நான்கு மணி நேரமும் அளந்து பார்த்த ஆய்வு 1974ல் வந்தது. வளர்ந்த பெண்களின் உடம்பில், வயதுக்கு வராத சிறுமிக்கு எப்படியோ அப்படி அது சுரந்துகொண்டிருந்தது. சிலருக்குத் தூக்கத்தில் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. உடம்பு பருவமடைவதற்கு முந்தைய நிலைக்கே திரும்பியிருந்தது.

சினைப்பையில் ஒரு கோளாறும் இல்லை. கருமுட்டைகள் அங்கேயே இருக்கின்றன. மேலிருந்து வரவேண்டிய ஆணைதான் வரவில்லை. இந்த நிலைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ஹைப்போதலாமிக் அமெனோரியா.

மூளை ஏன் நிறுத்துகிறது? ஒரு கர்ப்பத்தைச் சுமந்து, பெற்று, பால் கொடுத்து வளர்க்க ஏகப்பட்ட சக்தி தேவை. வருமானம் விழுந்துபோன குடும்பத்தில் அரிசி, மருந்து, வாடகைக்கு முதலில் ஒதுக்கிவிட்டுக் கல்யாணச் செலவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைப்பார்கள் இல்லையா, ஏறக்குறைய அந்தக் கணக்குதான். இதயமும் மூளையும் ஓடியாக வேண்டும். குழந்தை காத்திருக்கலாம். 1944 கடைசியில் தொடங்கி 1945 வசந்தம் வரை நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஜெர்மானியப் படைகளின் தடையால் பஞ்சம் வந்தபோது ஏராளமான பெண்களுக்கு மாதவிடாய் நின்றது. சில மாதங்கள் கழித்துப் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் சரிந்தது. அவர்களில் யாரும் ஒல்லியாக வேண்டும் என்று பட்டினி கிடந்தவர்கள் அல்ல.

சரி, சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்பது மூளைக்கு எப்படித் தெரிகிறது?

கொழுப்பும் ஒரு சுரப்பிதான்

இதற்குப் பதில் 1994ல் கிடைத்தது. அமெரிக்காவில் மெயின் மாநிலத்தின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஒரு வகை எலிகள் பல வருஷமாக வளர்க்கப்பட்டு வந்தன. தின்றுகொண்டே இருக்கும், உருண்டு திரண்டு கிடக்கும், குட்டி போடாது. நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு இந்த எலிகளில் பழுதாகியிருந்த மரபணுவைக் கண்டுபிடித்தது. அந்த மரபணு உருவாக்கும் ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயரிட்டார்கள். அதைச் சுரப்பது கொழுப்புத் திசு. அதுவரை சும்மா தேங்கிக் கிடக்கும் சரக்கு என்று நினைத்திருந்த கொழுப்பு, ஹார்மோன் சுரக்கும் உறுப்புகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

பொதுவாகக் கொழுப்பு கூடினால் லெப்டின் கூடும், குறைந்தால் குறையும். ஹைப்போதலாமஸ் ரத்தத்தில் இருக்கும் லெப்டினைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அந்த எலிகளின் உடம்பில் கொழுப்பு மலைபோல இருந்தும் லெப்டின் இல்லாததால் மூளைக்கு அது தெரியவில்லை. பஞ்சம் என்றே நினைத்துக்கொண்டு இன்னும் தின்னச் சொன்னது, இனப்பெருக்கத்தை நிறுத்தி வைத்தது. லெப்டின் ஊசி போட்டதும் எடையும் இறங்கியது, மலடாக இருந்த எலி குட்டியும் போட்டது.

மனிதர்களிலும் இது உண்டு. இங்கிலாந்தில், பாகிஸ்தானிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தில் லெப்டினே சுரக்காத இரண்டு குழந்தைகளைப் பற்றி 1997ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். இருவரும் தீராத பசியோடும் மிகையான எடையோடும் இருந்தார்கள். இப்படிப் பிறந்தவர்கள் வளர்ந்தாலும் பொதுவாகப் பருவமடைவதில்லை. லெப்டின் ஊசி கொடுத்தால்தான் அது நடக்கிறது.

இதற்கு மறுமுனையில் இருப்பவர்தான் அனோரெக்ஸியா வந்த பெண். அவருக்கு மரபணுவில் குறை இல்லை. கொழுப்பே மிகவும் குறைந்துபோனதால் லெப்டின் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. இரண்டு இடத்திலும் மூளைக்குப் புரிவது ஒன்றே: பஞ்சம்.

1996ல் பாஸ்டனில் ஒரு சோதனை செய்தார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் அது ஒன்று. நல்ல எலிகளைப் பட்டினி போட்டு, லெப்டினை மட்டும் ஊசியில் கொடுத்தார்கள். பட்டினியில் வழக்கமாக வரும் ஹார்மோன் மாற்றங்கள் அவற்றில் பெருமளவு மட்டுப்பட்டன. இனப்பெருக்கச் சுழற்சி, தைராய்டு, மன அழுத்த ஹார்மோன் எல்லாவற்றிலும் அந்த வித்தியாசம் தெரிந்தது. அப்படியானால் லெப்டினின் முதல் வேலை பசியை அடக்குவது என்பதைவிட, அது குறையும்போது பஞ்சத்தை அறிவிப்பது என்று சொல்வதே பொருத்தம்.

அடுத்து பெண்களிடம் பார்த்தார்கள். எடை குறைவாலோ கடும் உடற்பயிற்சியாலோ மாதவிடாய் நின்றுபோன 8 பெண்களுக்கு லெப்டின் கொடுத்த ஆய்வு 2004ல் வந்தது. மூன்று மாதத்துக்குள் 3 பேருக்குக் கருமுட்டை வெளிவந்தது, வேறு சிலருக்குச் சினைப்பைக்குள் கருமுட்டையைச் சுமக்கும் முட்டைப்பை வளர ஆரம்பித்தது. அவர்கள் உடம்பில் கொழுப்பு கூடவில்லை, லெப்டின் மட்டும்தான் கூடியது. அப்படியென்றால் லெப்டினையே மருந்தாகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால் லெப்டின் பசியையும் குறைக்கும், அந்தப் பெண்களுக்கும் எடை குறைந்தது. சாப்பிடவே பயப்படும் நோயாளிக்கு அதைச் சாதாரணமாகக் கொடுத்துவிட முடியாது. அண்மைக் காலத்தில் அனோரெக்ஸியா நோயாளிகள் சிலருக்குக் குறுகிய காலம் கொடுத்துப் பார்த்து, மனநிலையில் சட்டென்று மாற்றம் தெரிந்ததாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் இன்னும் அது சோதனை நிலையில்தான் இருக்கிறது.

கொழுப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி, பெண் உடம்பில் இருக்கும் ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். சினைப்பை தூங்கும்போது இந்த வழியிலாவது கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் கிடைக்கும். கொழுப்பும் கரைந்துபோனால் அதுவும் போச்சு.

எத்தனை சதவீதம் இருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு ஓர் எண் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த ரோஸ் ஃபிரிஷ், ஜேனட் மெக்கார்தர் என்ற இருவர் 1974ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. முதல் மாதவிடாய்க்கு உடம்பில் சுமார் 17 சதவீதம் கொழுப்பு வேண்டும், ஒழுங்கான சுழற்சிக்குச் சுமார் 22 சதவீதம் வேண்டும் என்றார்கள். கொழுப்புக்கும் கருவுறுதலுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அடித்துச் சொன்னதற்காக அவர்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சதவீதத்தை அவர்கள் நேரடியாக அளக்கவில்லை. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிட்டார்கள். ஒரே கொழுப்பு அளவுள்ள இரண்டு பெண்களில் ஒருவருக்கு மாதவிடாய் வருகிறது, இன்னொருவருக்கு வருவதில்லை என்பது பிறகு பல ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. ஜிம்மில் இருக்கும் மெஷின் காட்டும் கொழுப்புச் சதவீதத்தை வைத்துக்கொண்டு "எனக்கு 22க்கு மேல் இருக்கிறது, பிரச்சினை இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த மெஷினும் அவ்வளவு துல்லியம் கிடையாது.

ஓஹாயோ பல்கலைக்கழகத்தின் ஆன் லௌக்ஸ் இதை வேறு கோணத்தில் பார்த்தார். மாதவிடாய் ஒழுங்காக வரும் ஆரோக்கியமான இளம்பெண்களுக்கு 5 நாள் மட்டும் உணவையும் உடற்பயிற்சியையும் கட்டுப்படுத்தி, செலவு போக உடம்புக்கு மிஞ்சும் சக்தியைப் படிப்படியாகக் குறைத்தார். ஒரு மட்டத்துக்குக் கீழே போனதும் எல்.எச். துடிப்புகள் குறைந்துவிட்டன. 5 நாளில் யாருக்கும் கொழுப்பு அப்படி ஒன்றும் கரைந்துவிடாது. மூளை சேமிப்பை மட்டும் பார்ப்பதில்லை, அன்றாட வரவையும் சேர்த்தே பார்க்கிறது. லெப்டினும் அப்படித்தான். சில நாள் பட்டினியிலேயே அது கொழுப்பு குறைவதைவிடப் பல மடங்கு வேகமாகச் சரிந்துவிடும்.

எலும்பும் தோலுமாக இல்லாத பெண்ணுக்கும் மாதவிடாய் நிற்கலாம் என்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது. பருமனாக இருந்து வேகமாக எடையைக் குறைத்த பெண் பார்ப்பதற்கு "நார்மலாக", இன்னும் கேட்டால் "சூப்பராக" இருப்பார். எல்லாரும் பாராட்டுவார்கள். உள்ளே ஹார்மோன்கள் அனோரெக்ஸியா நோயாளிக்கு இருப்பதுபோலவே இருக்கலாம். நிறையச் சாப்பிடுவதாகத் தோன்றும் ஓட்டப்பந்தய வீராங்கனை, நடனக் கலைஞர் ஆகியோரின் கதையும் இதுதான். அவர்கள் சாப்பிடுவது செலவுக்குப் போதவில்லை.

இன்னொரு பக்கம், எடை வெகுவாக இறங்கியும் மாதவிடாய் நிற்காதவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வரையறைக் கையேட்டில், மாதவிடாய் நின்றிருந்தால்தான் அனோரெக்ஸியா என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2013ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். "பீரியட்ஸ் ஒழுங்கா வருது, அதனால எனக்கு ஒண்ணும் இல்ல" என்ற சமாதானமும் செல்லாது.

ரத்தப் பரிசோதனையில் தெரியும் மற்ற மாற்றங்கள்

உடம்பு சிக்கனத்தில் இறங்கும்போது மாதவிடாயோடு நிற்பதில்லை. தைராய்டின் செயல்படும் வடிவமான டி3 இறங்கும். அதனால் கை கால் சில்லிட்டுப்போகும், நாடி மெதுவாகும், முடி கொட்டும், மலச்சிக்கல் வரும். ஆனால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். பெரும்பாலும் சரியான அளவில்தான் இருக்கும், ஏனென்றால் தைராய்டு சுரப்பி நன்றாகவே இருக்கிறது. டி3 குறைவு என்று பார்த்துத் தைராய்டு மாத்திரை கொடுத்தால், உடம்பு கஷ்டப்பட்டுப் பிடித்து வைத்திருக்கும் சக்தியை எரித்துவிடச் சொன்ன மாதிரி ஆகும்.

மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் ஏறும். பசியைத் தூண்டும் கிரெலினும் ஏறும், ஆனால் இரைப்பை காலியாவது மந்தமாகிவிடுவதால் இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு முட்டிவிடும். "பசிக்கல" என்று அந்தப் பெண் சொல்வது எப்போதும் பொய் அல்ல. வளர்ச்சி ஹார்மோன் ஏறியிருக்கும், ஆனால் அதன் பேச்சைக் கல்லீரல் கேட்காது. எலும்பையும் தசையையும் வளர்க்கும் ஐ.ஜி.எஃப்.-1 குறைந்துபோகும். வேடிக்கை என்னவென்றால் கொலஸ்ட்ராலும் கூடலாம். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் எண்ணெயையும் நெய்யையும் அடியோடு நிறுத்திவிடுவார். அது இன்னும் தப்பு. சாப்பாடு சீரானால் இந்தக் கொலஸ்ட்ரால் பொதுவாகத் தானே இறங்கும்.

எலிகளைக் கூண்டில் ஓடும் சக்கரத்தோடு விட்டுச் சாப்பாட்டைக் குறைத்தால், அவை சோர்ந்து படுப்பதற்குப் பதில் இன்னும் வேகமாக ஓடுகின்றன. லெப்டின் கொடுத்தால் அந்த ஓட்டம் தணிகிறது. மெலிந்துபோன பெண் ஓயாமல் மாடிப்படி ஏறி இறங்குவதையும், ராத்திரி பதினோரு மணிக்கு உடற்பயிற்சி செய்வதையும் பிடிவாதம் என்று வீட்டில் திட்டுவார்கள். அதில் ஒரு பங்கு பட்டினியின் வேலை.

எலும்பு

மாதவிடாய் வராததைப் பல பெண்கள் தொல்லை விட்டது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். வலி இல்லை, நாப்கின் செலவு இல்லை, என்ன நஷ்டம்? நஷ்டம் எலும்பில்தான் விழுகிறது. அது வெளியே தெரியாது.

எலும்பு ஒரே சமயத்தில் கரைந்துகொண்டும் கட்டிக்கொண்டும் இருக்கும். ஈஸ்ட்ரோஜன் கரைவதைக் கட்டுப்படுத்தும், ஐ.ஜி.எஃப்.-1 கட்டுவதை ஊக்குவிக்கும், கார்டிசால் கட்டுவதைக் கெடுக்கும். அனோரெக்ஸியாவில் முதல் இரண்டும் குறைந்து மூன்றாவது கூடுகிறது. மாதவிடாய் நிரந்தரமாக நின்ற வயதில் பெண்களுக்கு எலும்பு தேய்வதைவிட இது மோசம், ஏனென்றால் கட்டும் வேலையும் படுத்துவிடுகிறது. அதோடு வயதும் ஒத்துவரவில்லை. வாழ்நாள் முழுமைக்குமான எலும்பின் பெரும்பகுதியை நாம் சேர்ப்பது பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையில். அனோரெக்ஸியா பெரும்பாலும் தொடங்குவதும் அதே பருவத்தில்தான். பாஸ்டனில் 130 அனோரெக்ஸியா நோயாளிகளின் எலும்பு அடர்த்தியை அளந்து 2000ல் வெளியிட்டார்கள். இளம்பெண்களுக்கு இருக்க வேண்டியதைவிட ஏதாவது ஓர் இடத்திலாவது அடர்த்தி குறைந்தவர்கள் 92 சதவீதம். எலும்புப்புரை அளவுக்கே போனவர்கள் 38 சதவீதம்.

இன்னொரு விநோதம் உண்டு. தோலுக்கு அடியிலும் வயிற்றிலும் கொழுப்பு காணாமல்போகும் இந்தப் பெண்களின் எலும்பு மஜ்ஜைக்குள் மட்டும் கொழுப்பு கூடுகிறது. மஜ்ஜையில் இருக்கும் ஆதிச் செல் ஒன்று எலும்பு கட்டும் செல்லாகவும் ஆகலாம், கொழுப்புச் செல்லாகவும் ஆகலாம். பட்டினியில் அது இரண்டாவது பக்கம் சாய்கிறது. மஜ்ஜையில் கொழுப்பு எவ்வளவு கூடுகிறதோ, எலும்பு அவ்வளவு மெலிந்திருக்கிறது.

சரி, கருத்தடை மாத்திரை கொடுத்தால் ஈஸ்ட்ரோஜன் வந்துவிடுமே, மாதவிடாயும் வந்துவிடுமே? நம் ஊரில் பரவலாகச் செய்வது இதைத்தான். மாத்திரையை நிறுத்தும்போது ரத்தப்போக்கு வரும், வீட்டில் நிம்மதி வரும். ஆனால் அது மாத்திரை வரவழைத்த ரத்தப்போக்கு, மூளை இன்னும் பஞ்சத்திலேயே இருக்கிறது. எலும்பும் தேறுவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டின. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியாகப் போகும்போது ஐ.ஜி.எஃப்.-1ஐ இன்னும் அமுக்கிவிடுவது ஒரு காரணம். தோலில் ஒட்டும் பட்டை வழியாக இயல்பான அளவில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது வளரிளம் பெண்களின் எலும்பு அடர்த்தி கூடியதாக 2011ல் ஓர் ஆய்வு வந்தது. 2017ல் அமெரிக்காவின் ஹார்மோன் மருத்துவர்கள் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி வெளியிட்ட வழிகாட்டியில், மாதவிடாயை வரவைக்கவோ எலும்பைத் தேற்றவோ மட்டும் என்று கருத்தடை மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் மருந்து சாப்பாடு. அதிலும் மனநல சிகிச்சையிலும் போதிய காலம் முயன்றும் சுழற்சி திரும்பாதவர்களுக்குத் தோல் பட்டையைச் சில காலம் யோசிக்கலாம் என்கிறார்கள். கருத்தடைக்காக மாத்திரை எடுப்பவர்களை இது தடுக்கவில்லை. எடுக்கும்போது வரும் ரத்தப்போக்கை வைத்து நலமாகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

பிசிஓடி குழப்பம்

ஆரம்பத்தில் சொன்ன ஸ்கேனுக்கு வருவோம். சினைப்பையில் தெரியும் அந்த "நீர்க்கட்டிகள்" வளர்ச்சி பாதியில் நின்ற முட்டைப்பைகள். எல்.எச். போதாமல் நின்றாலும் ஸ்கேனில் ஏறக்குறைய அப்படியே தெரியும். ஹைப்போதலாமிக் அமெனோரியா உள்ள பெண்களில் கணிசமானவர்களுக்கு ஸ்கேன் இப்படி இருக்கிறது. எனவே ஸ்கேன் படத்தை மட்டும் வைத்துப் பிசிஓடி என்று முடிவுகட்ட முடியாது.

இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. பிசிஓடியில் பெரும்பாலும் ஆண் ஹார்மோன் கூடியிருக்கும், முகத்தில் முடி, தீராத பரு போன்றவை இருக்கும். எல்.எச். சரியாகவோ கூடுதலாகவோ இருக்கும், கருப்பையின் உள்படலம் தடித்திருக்கலாம். பட்டினியால் நின்றிருந்தால் எல்.எச்., ஈஸ்ட்ரோஜன் இரண்டும் குறைவு, உள்படலமும் மெல்லியது. முகத்திலும் முதுகிலும் முடி வரலாம், ஆனால் அது குழந்தைக்கு இருப்பதுபோன்ற மெல்லிய பூனைமுடி. எல்லாவற்றையும்விட எளிதான சோதனை ஒன்று உண்டு, காசும் ஆகாது. "கடைசி ஒரு வருஷத்தில் எடை எவ்வளவு மாறியது, என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு உடற்பயிற்சி செய்கிறாய்" என்று அம்மா பக்கத்தில் இல்லாதபோது அந்தப் பெண்ணிடம் கேட்பது. அவசரமான ஓ.பி.யில் இதைக் கேட்க நேரம் கிடைப்பதில்லை என்பது புரிகிறது. கேட்காவிட்டால் நோயாளியே சொல்லிவிடுவது நல்லது.

புலிமியாவில் எடை பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும், மாதவிடாய் மட்டும் தாறுமாறாக வரும். மிகைச் சாப்பாடும் பட்டினியும் மாறி மாறி வருவதால் மூளைக்குக் கிடைக்கும் கணக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஹார்மோன் பக்கத்திலிருந்தும் ஒரு தாக்கம் உண்டு. மிச்சிகனில் கெல்லி கிளம்ப் என்ற உளவியலாளரின் குழு பல வருஷமாகப் பார்த்துவருவது இது: கருமுட்டை வெளியான பிறகு, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில், கட்டுமீறிச் சாப்பிடும் உந்துதல் பல பெண்களுக்குக் கூடுகிறது. வாந்தியால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறுவது புலிமியாவின் உடனடி ஆபத்து. அதற்கும் கொழுப்புக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

திரும்பி வரும்போது

நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிடத் தொடங்கினால் ரத்தத்தில் பாஸ்பேட் விழுந்து உயிருக்கே ஆபத்து வரலாம். எனவே மிகவும் மெலிந்தவர்கள் டாக்டரின் கண்காணிப்பில்தான் தொடங்க வேண்டும். மனநல மருத்துவர், பொதுமருத்துவர், உணவு ஆலோசகர் மூவரும் சேர்ந்து பார்ப்பது நல்லது. யாரிடம் போவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

எடை திரும்பும்போது முதலில் வயிற்றிலும் இடுப்பைச் சுற்றியும் கொழுப்பு சேரும். கை கால் குச்சியாகவே இருக்க, வயிறு மட்டும் முன்னால் வரும். எந்தப் பயத்தால் சாப்பிடாமல் இருந்தாரோ அதுவே கண்ணெதிரே நடப்பதுபோலத் தோன்றி, பல பெண்கள் சிகிச்சையை விட்டு ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். எடையைத் தக்கவைத்துக்கொண்டால் சுமார் ஒரு வருஷத்தில் கொழுப்பு பரவி வழக்கமான அமைப்புக்கு வந்துவிடுகிறது. இதை முன்கூட்டியே சொல்லி வைக்காத சிகிச்சை அரைகுறைச் சிகிச்சை என்பேன். 1944-45ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய பட்டினிச் சோதனையில் 36 ஆண்கள் தாமாக முன்வந்து எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை இழந்தார்கள். அவர்களிடமும் இதையொத்த ஒன்று தெரிந்தது. மறுபடி சாப்பிட்டபோது தசை திரும்புவதற்குள் கொழுப்பு முந்திக்கொண்டது, பழைய அளவையும் தாண்டியது, பிறகு மெல்ல இறங்கியது. உணவுக் கோளாறு எதுவும் இல்லாமல் உள்ளே போன ஆண்கள் அவர்கள்.

மாதவிடாய் எடையோடு சேர்ந்தே திரும்பிவிடாது. பலருக்கு எடை சீரான பிறகு ஆறு மாதத்துக்குள் வருகிறது, சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தேவையான எடையும் ஆளுக்கு ஆள் மாறும். எந்த எடையில் மாதவிடாய் நின்றதோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பலருக்கு வேண்டியிருக்கிறது. எடை கூடியும் ஓடுவதையும் ஒவ்வொரு வாயையும் எண்ணிச் சாப்பிடுவதையும் விடாதவர்களுக்கு இன்னும் தாமதமாகும். எலும்பு எல்லாவற்றுக்கும் கடைசி. கால்சியமும் வைட்டமின் டியும் தேவைதான், ஆனால் அவை மட்டும் போதாது. இழந்த அடர்த்தி முழுவதும் எல்லாருக்கும் திரும்புவதும் இல்லை.

மாதவிடாய் நின்றிருக்கும் காலத்தில் கரு தங்காது என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. உடம்பு தேறும்போது முதலில் கருமுட்டை வெளிவரும், ரத்தப்போக்கு அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான். எனவே கர்ப்பம் வேண்டாம் என்று இருப்பவர்கள் சாப்பாடு சீராகத் தொடங்கிய நாளிலிருந்தே பாதுகாப்போடு இருக்க வேண்டும், முதல் மாதவிடாய் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.